கூழில் கலந்த இளநீர்

ஆகாது என்று தெரிந்தே என் கணவரின் கூழில் இளநீரைக் கலந்தவள் நான்தான். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்...

கைப்பேசியில் பார்த்த ஒரு காணொளிதான் தொடக்கம். உடம்பில் அமிலம் கூடினால் நோய், காரத்தன்மை உள்ள உணவால் அதைச் சமன் செய்ய வேண்டும் என்றான் ஒருவன். நம்பினேன்! சங்கரன்கோவிலில் எங்கள் அடுப்படியை விட்டுப் புளி போயிற்று, கறி போயிற்று. கீரையும் வாழைத்தண்டும் இளநீரும் வந்தன.

காலையில் பல் துலக்குமுன் மூவரும் அமிலம் காட்டும் தாளை ஆளுக்கொன்று நாக்கில் வைத்து எடுக்க வேண்டும். பச்சையானால் நல்லது, மஞ்சளானால் அமிலம். எனக்கும் மகளுக்கும் பச்சை. அவருக்கு மட்டும் தினமும் மஞ்சள்!

அவருக்குப் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் வேலை. சாயங்காலம் சட்டையை முகர்ந்து பார்ப்பேன். எலுமிச்சைதான் மணக்கும். பிரியாணி வாசனையை மறைக்கத்தான் அதைத் தேய்த்துக்கொண்டு வருகிறாரோ?

"வெளியில ஒண்ணும் திங்கலட்டி" என்றார் ஒருநாள். நான் கேட்கவே இல்லையே! எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்ற கதைதான் என்று முடிவு கட்டினேன்.

அந்தச் சமயத்தில் கால் வீங்கி மருத்துவரிடம் போய்வந்தார். "கிட்னி சரியில்லையாம். இளநீ, வாழைப்பழம், கீரை எதுவும் ஆகாதாம்."

நான் கொடுப்பதை மட்டும் பொறுக்கி எடுத்தாற்போல் ஒரு பட்டியல்! சீட்டை வாங்கிப் படித்தேன். அப்படித்தான் எழுதியிருந்தது. இவருக்கு வேண்டியபடி எழுதி வாங்கி வந்திருக்கிறார் என்று மடித்து அலமாரியில் வைத்தேன்.

அதன்பின் அவர் கண்ணெதிரே அவற்றில் எதையும் கொடுக்கவில்லை. கேழ்வரகுக் கூழைத் தண்ணீருக்குப் பதில் இளநீரில் கரைத்தேன். மட்டைகளைச் சாக்கில் கட்டி அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன். நல்லது செய்கிறவள் மட்டையை ஏன் ஒளிக்க வேண்டும்? அந்தக் கேள்வி அன்றே எனக்குள் எழுந்தது. அதை அடக்கிவிட்டேன்.

இரண்டாம் வாரம், பேருந்து ஏறப் போன இடத்தில் மயங்கி விழுந்தார்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏறிக் கெடக்கு. கொஞ்சம் விட்டிருந்தா இருதயமே நின்னிருக்கும். இளநீ எதுவும் குடுத்தீங்களாம்மா?" என்று மருத்துவர் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் படுக்கையிலிருந்து அவர் சொன்னார்: "நாந்தான் சார், மண்டிப் பக்கம் வாங்கிக் குடிச்சேன். இவ வேண்டாம்னுதான் சொன்னா."

நான் வாயை மூடிக்கொண்டேன். "ஏலே, ஒனக்கு நாக்கு அடங்காதா?" என்று செய்தி கேட்டு வந்த மாமியார் அவரைத் திட்டித் தீர்த்தார். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்... பாவி!

அப்போதும் என் சந்தேகப் புத்தி போகவில்லை. ஒருவேளை உண்மையாகவே குடித்திருப்பாரோ என்று அவரோடு வேலை பார்ப்பவரைத் தனியே விசாரித்தேன்.

"அண்ணனா? வீட்டுச் சோத்தத் தவிர வெளியில எதையும் தொடமாட்டாவளே!"

அப்படியானால் நான் கலந்தது அவருக்குத் தெரியும். எப்போதிருந்து தெரியும்? தெரிந்தேதான் குடித்தாரா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

இன்றும் நான் வைப்பதை ஒன்றும் கேட்காமல் சாப்பிடுகிறார். பத்தாவது படிக்கும் மகள்தான் அவருக்கு முன்னால் வந்து உட்காருகிறாள். அவருடைய கஞ்சியை ஒரு வாய் குடித்துப் பார்க்கிறாள். பிறகு, "குடிங்கப்பா" என்கிறாள்.

என் முகத்தை அவள் பார்ப்பதே இல்லை.