மஞ்சள் தொட்ட என்வலப்

அன்று ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் அந்த பேஸ்மென்ற் அறையில் இருந்தது நாலு பேர்: நான், என் மகள், விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுக்கும் அண்ணை, தேத்தண்ணித் தட்டோடு வந்து கதவடியில் நின்றுவிட்ட அவருடைய மனைவி. வேறு ஒருவரும் இல்லை. பிறகு ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

மகள் ஐசியூவில் நேர்ஸ். ஒப்பரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கிற நேர்ஸாக வர ஆசைப்பட்டாள். அமெரிக்காவில் இடமும் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் கட்ட வேண்டும். அந்தக் காசைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து என்னிடம்தான் தந்து வைத்திருந்தாள்.

எனக்கு நித்திரை இல்லை. மருந்து ஒரு சொட்டுக் கூடினால் ஆள் எழும்பாது, இவளைப் பிடித்து மறியலில் அடைப்பார்கள், அதுவும் எங்களுக்கு ஒருவரும் இல்லாத ஊரில். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், யாரிடம் விசாரிப்பது? இவள் இங்கேயே இருக்கவேண்டும் என்று நேரப் போன கோயிலில் கண்ட இந்த அண்ணை, “அதே படிப்பு ரொறன்ரோவிலயே இருக்கு, நான் எடுத்துத் தாறன்” என்றார். மகளைக் கேட்காமல் அவளுடைய மூவாயிரம் டொலரையும் கொடுத்தேன். நல்ல காரியம் என்று என் காசில் ஒரு டொலர் கூடுதலாக வைத்து, என்வலப்பில் மஞ்சளும் தொட்டேன். ரசீது கேட்கவில்லை. விஷயம் தெரிந்ததும், காசைத் திருப்பிக் கேட்க மகள் என்னையும் கூட்டிக்கொண்டு அவரிடம் போனாள்.

“எந்த கொலிஜ் அங்கிள்?” மகள் கேட்டாள்.

“உது கன புரொசெஸ் பிள்ளை.”

“கனடாவில நேர்ஸ்மாருக்கு அந்த வேலையே இல்லை. இல்லாத வேலைக்கு என்ன புரொசெஸ்?”

அவர் என் பக்கம் திரும்பினார். “தங்கச்சி, ஆராவது பீஸுக்கு மஞ்சள் தொட்டு, ஒரு டொலர் கூட வைப்பினமே? நீங்கள் தந்தது அன்பளிப்பு. அன்பளிப்பைத் திருப்பிக் கேக்கிற ஆக்களை இப்பதான் பாக்கிறன்.”

“மயக்க மருந்து குடுக்க நீங்கள்தான் சரியான ஆள், அங்கிள்,” என்றாள் மகள். “அம்மா இன்னும் எழும்பேல்லை.”

“ரசீது இருந்தால் காட்டுங்கோவன்,” என்றார் மனைவி. தேத்தண்ணி எங்களுக்கு வரவில்லை.

அண்ணை மேசை லாச்சியை இழுத்து, ஒரு டொலர் நாணயக் குத்தியை எடுத்து மேலே போட்டார். “உதைக் கொண்டு போங்கோ. மிச்சம் என்ரை அலைச்சலுக்கு.”

நான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது.

அஜின்கோர்ட்டில் எங்கள் வீடுவரை மகள்தான் காரை ஓட்டினாள். வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “இனி என்ரை ஒண்டையும் நீங்கள் வைச்சிருக்க வேண்டாம்.”

வெள்ளிக்கிழமைக்குள் வேறு காசு புரட்ட முடியவில்லை. இடம் போய்விட்டது. நான் நேர்ந்தபடியே அவள் இங்கேதான் இருக்கிறாள், பக்கத்து அறையில், கதவைப் பூட்டிக்கொண்டு. அண்ணை எனக்குத் தரவேண்டியதும் நான் அவளுக்குத் தரவேண்டியதும் ஒரே கணக்கு: மூவாயிரம் டொலர்.