ஒற்றை விரல் செய்தியாளர்

"நான் அனுப்புற செய்தியில அந்த ஃபார்வேர்டு அம்புக்குறியை இதுவரைக்கும் யாராவது பாத்திருக்கீங்களா? பாக்க முடியாது. அடுத்தவன் அனுப்புனதை அப்படியே தள்ளி வுடுறது எச்சி எலையில சாப்புடுறதுக்குச் சமம். மூணு எடத்துல படிச்சு, உண்மையான்னு பாத்து, என் விரலால அடிச்சு அனுப்புறேன். கட்டை வேகுற வரைக்கும் அப்படித்தான்."

மைத்துனன் ஜூடு கட்டிய புது வீட்டின் பந்தியில், பாயசம் வருவதற்குச் சற்று முன் ஞானதாஸ் இவ்வாறு பிரகடனம் செய்தார். வேதக்காரக் குடும்பத்தில் பிறந்து, கல்லறைக்குப் போக வேண்டிய மனிதர் கட்டை வேகுவதைப் பற்றிப் பேசியது ஒருவருக்கும் உறைக்கவில்லை. எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி உபகாரமேரிக்கு உறைத்தது வேறு.

"ஒத்த விரலுன்னு சேத்துச் சொல்லுங்க" என்றாள்.

அது அவதூறு அல்ல. ஞானதாஸ் வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றினால் மட்டுமே எழுதுவார். விருத்தாசலம் தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியர் செய்யும் பீங்கான் கம்பெனி ஒன்றில், மண் அரைக்கும் 'பால் மில்' என்ற உருளை இயந்திரம் அவர் பொறுப்பு. கல்லும் களிமண்ணும் தண்ணீரும் பெரிய உருளைக்குள் மணிக்கணக்காக உருண்டு சந்தனம் போல மசியும் வரை பக்கத்திலேயே நிற்கிற வேலை. அவசரப்பட்டால் சுட்ட பிறகு விரிசல் விடும். செய்தியையும் அவர் இந்த நியதிப்படியே தயாரித்தார். காலையில் டீயோடு செல்போனை எடுப்பார். வாய்விட்டுப் படிப்பார். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடிப் பிடித்துக் குத்துவார்.

வாய்விட்டுப் படித்ததுதான் தப்பாகப் போயிற்று.

அடுப்படியில் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருக்கும் உபகாரமேரிக்கு எழுத்துத் தேடும் பொறுமை கிடையாது. மைக் பொத்தானை அழுத்திப் பிடித்து, "ஏ ஜூடு, நான்சி, எல்லாரும் கேட்டுக்குங்க, நம்ம ஊரு வழியா போற ரயிலுக்கு நேரம் மாத்திட்டானாம்" என்று பேசிக் குடும்பக் குரூப்பில் விட்டுவிடுவாள். தாளிப்பு அடங்குவதற்குள் செய்தி சேத்தியாத்தோப்பு வரை போய்விடும். அதே செய்தியை ஞானதாஸ் முற்றுப்புள்ளி வைத்து முடித்து அனுப்பும்போது, ஜூடுவிடமிருந்து பதில் வரும்: "அக்கா அப்பவே சொல்லிட்டாங்க மாமா."

ஒரு மனிதன் எத்தனை தடவை இதைத் தாங்குவான்? ஊருக்கு முதல் ஆளாகச் செய்தி சொல்வது என்ற ஒரே ஒரு கௌரவத்தைத்தான் ஞானதாஸ் இந்த வாழ்க்கையிடம் கேட்டிருந்தார். அதைச் சொந்த வீட்டு அடுப்படியிலேயே பறிகொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் படிச்சதை நீ எதுக்கு எடுத்துப் பேசுற?"

"நீங்க படிச்சீங்க. நான் கேட்டேன். கேட்டதைச் சொன்னேன். காதைப் பொத்திக்கவா?"

"என் பேரையாவது சொல்லலாம் இல்ல?"

"ரயிலு என்ன நீங்களா ஓட்டுறீங்க, பேரைச் சொல்ல?"

இதற்குப் பிறகு அவர் காலையில் மௌனமாகப் படிக்க ஆரம்பித்தார். அதுவும் போதவில்லை. குரூப்பில் அவர் போட்டதை அவள் பேசி, தாய்வீட்டு ஆட்களுக்குத் தனித்தனியாக அனுப்பினாள். கம்பெனியில் கூட வேலை செய்யும் திலீபன்தான் வழி சொன்னான். "குரூப்பை வுடுண்ணே. ஸ்டேட்டஸ்ல போடு. யாரு பாக்கக் கூடாதோ அவங்க பேரை மட்டும் எடுத்து வுட்டுடலாம்." கணவன் ஞானதாஸ், பங்குக்கோயிலில் மோதிரம் மாற்றிக் கைப்பிடித்த மனைவியை, உலகத்தில் தன் செய்தியைப் பார்க்கக் கூடாத ஒரே ஜீவனாகத் தேர்ந்தெடுத்து டிக் அடித்தார். தெருவே பார்த்தது. கோயிலில் பாட்டுப் பாடுகிறவர்கள் பார்த்தார்கள். பால்காரர் பார்த்தார். வீட்டில் நிம்மதி நிலவியது. குரூப்பில் ஆளைக் காணோமே என்று உபகாரமேரி யோசித்து, விரல் ஓய்ந்துவிட்டது போலும் என்று அவளே சமாதானம் ஆகிக்கொண்டாள்.

அந்த நிம்மதியில்தான் மின்நிறுத்தச் செய்தி வந்தது. பராமரிப்புப் பணிக்காக நாளை காலையிலிருந்து மாலை ஐந்து மணி வரை விருத்தாசலத்தில் மின்சாரம் இருக்காது. கம்பெனியும் லீவு விட்டது. ஞானதாஸ் மூன்று இடத்தில் படித்து, சரிபார்த்து, அடித்து, ஸ்டேட்டஸில் ஏற்றினார். பார்த்தவர்கள் வரிசையை ரசித்துவிட்டுத் தூங்கினார்.

உபகாரமேரி வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்பவள். தெருவுக்குப் பாக்கெட் மாவு போட்டுக்கொண்டிருந்தவளுக்கு, கரண்ட் போகிற அன்றைக்குத்தான் முதல் பெரிய ஆர்டர். நல்லூரில் திருமால் வீட்டு வளைகாப்பு. அதற்கு அடுத்த நாள் காலை டிபனுக்கான மாவு, அன்று பொழுது சாய்வதற்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். விடியும் முன்பே அரிசியை டிரம்மிலும் உளுந்தை வாளியிலும் ஊறப் போட்டுவிட்டாள். பல் விளக்க எழுந்த ஞானதாஸ் அந்த டிரம்மைத் தாண்டித்தான் போனார். ஊறுகிற அரிசி அவர் கண்ணில் பட்டது. போகப் போகிற கரண்ட் அவர் ஸ்டேட்டஸில் இருந்தது. ஒரே வீட்டில் இருந்தும் இரண்டும் சந்தித்துக்கொள்ளவில்லை.

உளுந்தைக் கிரைண்டரில் போட்டாள். கல் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

"கரண்டு போச்சு பாருங்க. இப்ப வந்துடும்."

ஞானதாஸ் செய்தித் தளத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். வராது என்பதை அறிந்த ஒரே ஆண்மகன் அந்த வீட்டில் அவர்தான். எப்படித் தெரியும் என்று கேட்டால் என்ன சொல்வது என்ற ஆராய்ச்சியில் இருக்கும்போது, பக்கத்து வீட்டுக் கமலம் வாசலில் வந்து நின்றாள்.

"என்னக்கா, அரிசி ஊறிக்கிட்டு இருக்குது? அஞ்சு மணி வரைக்கும் கரண்டு இல்லியே."

"யாரு சொன்னா?"

"அண்ணன்தான் நேத்தே ஸ்டேட்டஸ் போட்டிருந்தாரே. உனக்குத் தெரியாம இருக்குமான்னு நான் சொல்லல."

உபகாரமேரி தன் செல்போனைப் பார்த்தாள். கமலத்தின் செல்போனை வாங்கிப் பார்த்தாள். மறுபடி தன்னுடையதைப் பார்த்தாள். கமலம் கூர்மையான பெண். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது" என்றாள் உபகாரமேரி. குரல் உயரவில்லை. அதுதான் ஞானதாஸுக்குக் கலக்கமாக இருந்தது.

"செட்டிங்ஸ்ல ஏதோ ஆயிருக்கும் மேரி."

"ஆயிருக்கும். தானா போயி என் பேரை மட்டும் எடுத்துருக்கும்."

"இப்ப என்ன, அரிசிதானே? ஒரு வழி பண்ணலாம்."

"பண்ணுங்களேன். உங்க மில்லுல கொட்டி அரைச்சுக் குடுங்க. நல்லூருல பீங்கான் இட்லி சாப்புடட்டும்."

"மில்லும் இன்னிக்கு ஓடாதே."

வாயை விட்ட பிறகுதான், கம்பெனி லீவையும் அவளிடம் சொல்லவில்லை என்பது ஞானதாஸுக்கு உறைத்தது. உபகாரமேரி முந்தானையை இழுத்துச் செருகினாள். அரிசியை வடித்து ஒரு டிரம்மிலும் உளுந்தை ஒரு வாளியிலும் அள்ளினாள். துணி போட்டுக் கட்டினாள். மொபெட் சாவியை அவர் செல்போனின் மேல் வைத்தாள்.

"நான்சி கடையில கரண்டு இருக்குதாம். கேட்டுட்டேன். போயி அரைச்சு, நேரா நல்லூருக்குக் கொண்டு போயிடுங்க."

நான்சி உபகாரமேரியின் தங்கை. சேத்தியாத்தோப்பில் டிபன் கடை வைத்திருக்கிறாள். சேத்தியாத்தோப்பு ஊருக்குக் கிழக்கே. நல்லூர் மேற்கே. ஞானதாஸ் இந்தப் பூகோளத்தைச் சுட்டிக்காட்ட வாயெடுத்து, மனைவியின் முகத்தைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று மட்டும் சொன்னார்.

முன்னால் டிரம், பின்னால் வாளி, வழியெல்லாம் லாரிப் புழுதி. நான்சி கடைக் கிரைண்டரில் அரிசியைக் கொட்டும்போது அவர் சட்டை முழுக்க உளுந்துத் தண்ணீர். கல் சுற்ற ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. நான்சி தன் செல்போனை நீட்டிச் சத்தமாகப் போட்டாள். குடும்பக் குரூப்பில் உபகாரமேரியின் குரல் கடை முழுக்கக் கேட்டது.

"எல்லாரும் கேட்டுக்குங்க. விருத்தாசலத்துல கரண்டு வந்துடுச்சு. வேலை சீக்கிரமே முடிஞ்சுடுச்சாம். எங்க வூட்டுக்காரரு அஞ்சு மணிக்குத்தான் வரும்னு போட்டிருந்தாராம். நான் பாக்கல."

தோசை தின்றுகொண்டிருந்த இரண்டு பேர் திரும்பி ஞானதாஸைப் பார்த்தார்கள்.

"மாமா, நீங்க இங்க வந்ததே வேஸ்ட்டா?" என்றாள் நான்சி.

ஞானதாஸ் அதைக் கேட்கவில்லை. கரண்ட் வந்துவிட்டது என்றால் கம்பெனியில் மதிய ஷிப்டு உண்டு. மில் ஆட்கள் குரூப்பில் இன்னும் யாரும் சொல்லவில்லை. திலீபன் ஆன்லைனில் இருந்தான். மேலே 'டைப்பிங்' என்று காட்டியது.

ஞானதாஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு 'வி' என்று அடித்தார். அடுத்த எழுத்தைத் தேடினார். விரல் மாவில் வழுக்கியது. திலீபன் இன்னும் டைப் செய்துகொண்டிருந்தான்.

அவர் அடித்ததை அழித்தார். நான்சி அடுப்புப் பக்கம் திரும்பும் வரை காத்திருந்தார். குடும்பக் குரூப்பைத் திறந்து மனைவியின் குரலை அழுத்திப் பிடித்து, மில் குரூப்புக்குத் தள்ளிவிட்டார். வூட்டுக்காரர், அஞ்சு மணி, நான் பாக்கல, எல்லாம் சேர்ந்தே போயிற்று, தலையில் அம்புக்குறியோடு.