பாக்கியம் அக்கா முந்திப் பாடிய இடங்கள்

1. சுத்தம் செய்தது

பாக்கியம் அக்காவின் குரலை நான் அழித்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். வேண்டுமென்று அழிக்கவில்லை. அவருக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, ரசித்து ரசித்து, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து அழித்தேன்.

புதுக்கோட்டையில் ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்து இருபத்தெட்டு வருடம் ஆகிறது. அம்மன் பாட்டு, தேர்தல் பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம் என்று எது வந்தாலும் செய்வேன். சுருதி சேராதவர் பாடினாலும் சேர்ந்த மாதிரி ஆக்கி வெளியே அனுப்புவேன். எடிட்டிங்கில் என்னை அடித்துக்கொள்ள இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. பெருமைக்குத்தான் சொல்கிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

அன்று வந்தவர்கள் மூன்று பேர். ரோசென் என்கிற அம்மாவும் எவான் என்கிறவரும் பிரான்ஸின் மேற்குக் கடற்கரைப் பக்கம், பிரெத்தோன் மொழி பேசுகிற ஊர்க்காரர்கள். அங்கே சனங்கள் கைகோத்து வரிசையாக ஆடுவதற்கென்றே பழைய பாட்டுகள் உண்டாம். ரோசென் அவற்றைப் பாடுவார், எவான் லேப்டாப்பில் நவீன பீட் சேர்ப்பார். போகிற தேசத்தில் காதுக்குப் பிடித்த பாட்டு இருந்தால் அதையும் தங்கள் பாட்டோடு கோத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது ஆள் பாக்கியம் அக்கா. திருவரங்குளம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவர். லீவு நாட்களில் கிராமியக் கலைக்குழுவில் பின்பாட்டுப் பாடுவார். குழுவின் நோட்டீஸில் முன்பாட்டுக்காரர் படம் இருக்கும், மேளக்காரர் பெயர்கூட இருக்கும், அக்கா பெயர் இருக்காது. ஒரு கல்லூரி விழாவில் அந்தக் குழுவைக் கேட்ட ரோசென், முன்பாட்டுக்காரரை விட்டுவிட்டு நேராக அக்காவிடம் போய், தன்னோடு பாட முடியுமா என்று அரைகுறைத் தமிழில் கேட்டிருக்கிறார். நான்கு நாள் சொல்லிக்கொடுத்து அழைத்து வந்திருந்தார். பாதிப் பாட்டு பிரெத்தோன், மீதி தமிழ். அக்கா அந்த மொழி வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி மடித்துக் கையில் வைத்திருந்தார். முதல் தடவையாக அவர் பெயர் போட்டு ஒரு பாட்டு வரப்போகிறது.

ரோசெனைக் கண்ணாடி அறைக்குள்ளும் அக்காவை வெளியே ஹாலிலும் நிற்க வைத்தேன். ஆளுக்கொரு ஹெட்போன், ஆளுக்கொரு மைக், தனித்தனி ட்ராக். ரோசென் ஒரு வரி பாட, அதே வரியை அக்கா திருப்பிப் பாட வேண்டும். நல்ல குரல். ஆனால் அந்த அம்மா வரியை முடிக்குமுன்பே அக்கா உள்ளே புகுந்துவிட்டார். ஹெட்போன் பழக்கமில்லை, பதட்டம் என்று எண்ணிக்கொண்டேன். அக்கா வரி முடிகிற இடத்தில் ரோசெனும் சேர்ந்துகொண்டார். தடுமாறுகிறவருக்குக் கைகொடுக்கிறார் போலிருக்கிறது என்று அதையும் நானே முடிவு செய்தேன். சொன்னால் அக்கா மனசு சங்கடப்படும், நாமே கமுக்கமாகச் சரிசெய்துவிடுவோம் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் எதிர் மாடி மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத் துணிக்கடைக்குப் போன நேரத்தில் வேலையை ஆரம்பித்தேன். ஒரு குரல் முடிய, அடுத்தது தொடங்க, இரண்டும் எங்கேயும் மோதாமல் வெட்டி ஒட்டினேன். முடித்ததும் வழக்கம்போல வெட்டிய துண்டுகளையெல்லாம் டிஸ்கிலிருந்து அழித்தேன். காப்பி எடுத்து வைக்கிற பழக்கம் அப்போது எனக்கு இல்லை.

2. கரண்ட் போன கதை

மூன்றரை மணிக்குத் திரும்பி வந்தார்கள். போட்டுக் காட்டினேன். ரோசென் முகம் சுருங்கியது. அக்கா ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, நாங்க ரெண்டு பேரும் ஒன்னாப் பாடுன எடமெல்லாம் எங்கங்க?"

"நீங்க முந்தி முந்திப் பாடிட்டீங்கக்கா. பதட்டத்துல எல்லாருக்கும் வாரதுதான். தெரியாத மாதிரி சரி பண்ணிட்டேன்."

"முந்தலைங்க தம்பி, அதுதான் பாட்டே. ரோசா வரிய முடிக்கிறதுக்குள்ள நான் புடிச்சுக்கணும். நான் முடிக்கிறதுக்குள்ள அவுக புடிச்சுக்குவாக. சத்தம் அறுந்துச்சுன்னா ஆடுறவுக காலு எங்க போயி விழுகும்?"

அவர் ரோசெனை ரோசா என்றுதான் கூப்பிடுவார். ரோசென் என்னிடம் ஒரிஜினலைத் திறக்கச் சொன்னார். எங்கள் தொழிலில் இதற்கென்றே ஒரு பொய் உண்டு. அது தானாகவே வாயில் வந்தது.

"நடுவுல கரண்ட் போயிருச்சு மேடம். சிஸ்டம் ஆஃப் ஆயி ஒரிஜினல் அழிஞ்சுருச்சு."

"எப்பத் தம்பி போச்சு?" என்றார் அக்கா. "எதிர்த்தாப்புல இருந்துதான சாப்புட்டோம். ஒங்க வாசல் போர்டு லைட்டு எரிஞ்சுக்கிட்டேதான இருந்துச்சு."

நான்தான் அழித்தேன் என்று சொன்னேன். அக்கா திட்டவில்லை. கையிலிருந்த சீட்டை இன்னொரு மடிப்பு மடித்தார். "எம்பேரு போட்டு வாரதே இது ஒன்னுதான் தம்பி" என்றார். வெட்கமாக இருந்தது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

3. காலைத் தூக்கியது

ஐந்து மணிக்கு ரோசெனையும் எவானையும் திருச்சி விமான நிலையத்துக்கு ஏற்றிப்போகக் கார் வந்துவிடும். திரும்ப எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரண்டு டேக் போனது, இரண்டும் வீண். இப்போது அக்கா முந்தவே இல்லை. ரோசென் முழுக்க முடிக்கும்வரை காத்திருந்து, அதற்குப் பிறகே வாயைத் திறந்தார். ஒவ்வொரு வரிக்கும் நடுவில் ஓட்டை. 'முந்திட்டீங்க' என்று நான் சொன்ன ஒரு வார்த்தை அவர் காதில் போய் உட்கார்ந்துவிட்டது. ஃபைலை அழித்ததைவிடப் பெரிய கேடு இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

ரோசென் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து அக்காவின் தோளில் கை போட்டு நின்றார். ஒரே மைக் போதும் என்றார். லேப்டாப் பீட்டும் வேண்டாம், அதை ஊரில் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் ஆட ஆள் வேண்டும், காலைப் பார்க்காமல் இந்தப் பாட்டைப் பாட வராது என்றார். பாடாமல் நின்றது நானும் எவானும்தான். எவான் வந்து என் சுண்டுவிரலைத் தன் சுண்டுவிரலில் கோத்துக்கொண்டார்.

"கன்சோலை யார் பாக்குறது?" என்றேன்.

"யாரும் பாக்க வேணாம். இங்கிட்டு வாங்க தம்பி," என்றார் அக்கா.

ரெக்கார்ட் பட்டனை அமுக்கிவிட்டு எழுந்து போனது என் சர்வீசில் அதுதான் முதல் தடவை. எனக்கு ஐம்பத்தைந்து வயது, முட்டி வலி வேறு. எவான் இழுத்த பக்கமெல்லாம் பக்கவாட்டில் போனேன். சத்தம் இருந்தால் கால் போனது, நின்றால் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்றாவது வரி முடிவில் அக்கா தயங்கினார். தூக்கிய என் கால் அந்தரத்தில் நின்றது. ஒற்றைக் காலில் தள்ளாடுவதைப் பார்த்து அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வரியில் நான் விழுந்துவிடுவேனோ என்று பயந்தவர், ரோசென் முடிக்குமுன்பே பாய்ந்து வரியைப் பிடித்துக்கொண்டார். பிறகு விடவே இல்லை. பிரெத்தோன் வரிகள் முடிந்ததும் அவரே முன்னால் வந்து தமிழ் வரியை எடுத்தார். அதன் நுனியை ரோசென் பிடித்துக்கொண்டார். எது யார் மூச்சு என்று பிரிக்க முடியாதபடி போனது பாட்டு. எனக்கும் கால் வந்துவிட்டது.

முடிந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன். என் செருப்புச் சத்தம் இருந்தது, இரைப்பு இருந்தது, அக்காவின் சிரிப்பு இருந்தது. கை தானாக மவுஸுக்குப் போனது.

"தம்பி," என்றார் அக்கா. "கைய எடுங்க."

எடுத்தேன். அப்படியே அவர்களிடம் கொடுத்தேன். நான்கு மாதம் கழித்து ஆல்பம் வந்தது. அந்தப் பாட்டுக்குக் கீழே இரண்டு பேர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கின்றன.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாடுகிறவர் ஒரு இடத்தில் தப்பினால் வெட்டுங்கள், ஒட்டுங்கள், அதற்குத்தான் நாம் இருக்கிறோம். ஒவ்வொரு வரியிலும் அதே இடத்தில் அதே மாதிரி தப்பினால், மவுஸை வைத்துவிட்டு எழுந்து போய் அவரிடம் விசாரியுங்கள். அன்று முதல் தடவை பாடியபோது, ரோசெனின் ஒவ்வொரு வரியிலும் அக்கா சரியாகக் கடைசி இரண்டு அசைக்கு முன்னால்தான் உள்ளே வந்திருந்தார். ஒரு தடவைகூட இடம் மாறவில்லை. அதனால்தான் வெட்டுவதற்கு எனக்கு அவ்வளவு சுலபமாக இருந்தது.