கோட்டு போனது, பேண்ட் போகவில்லை

அம்பத்தூரில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து ஒரு தையல் கூடம் நடத்துகிறோம். தகரக்கூரை ஷெட், வரிசையாக மிஷின்கள், தொழிற்சாலைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் வேலை. கணக்கும் கம்பெனிகளோடு பேசுவதும் என் பொறுப்பு. வெட்டுவதும் தைப்பதும் அவள் பொறுப்பு. நான் பேசினால் எனக்கே சரியாகக் கேட்காது. அவள் பேசினால் பக்கத்து லேத் பட்டறையில் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். பொறுப்பைத் தப்பாகப் பிரித்துக்கொண்டோம் என்பது பிறகுதான் தெரிந்தது.

வேலப்பன்சாவடி பக்கம் ஒரு பெரிய கம்பெனி. அங்கிருந்து ஆர்டர் வந்ததும் கடனுக்குத் துணி எடுத்து, சொன்ன தேதிக்கு முன்பே எல்லாவற்றையும் தைத்துக் கொடுத்துவிட்டோம். பணம் மட்டும் வரவில்லை. மாதங்கள் ஓடின. துணிக்கடைக்காரர் தினமும் காலையில் என் ஃபோனுக்கு ரோஜாப்பூ படம் போட்டு வணக்கம் அனுப்ப ஆரம்பித்தார். பூவுக்குக் கீழே ‘பாக்கி?’ என்று மட்டும் இருக்கும்.

வாராவாரம் ஸ்கூட்டியில் அந்தக் கம்பெனிக்குப் போவோம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் தங்கமான மனிதர். எழுந்து நின்று வரவேற்பார், டீ சொல்வார்.

“உங்க பில் புராசஸ்ல இருக்கு மேடம். கையெழுத்து போடறவர் லீவுல இருக்காரு, அவ்ளோதான்.”

அடுத்த வாரம் கையெழுத்து போடுகிறவர் வந்திருப்பார், ஆனால் கம்ப்யூட்டர் மாறியிருக்கும். அதற்கடுத்த வாரம் ஸ்டோரிலிருந்து சரக்கு வந்ததற்கான என்ட்ரி வந்திருக்காது. ஸ்டோருக்குப் போய்க் கேட்டால், என்ட்ரி எப்போதோ போட்டாகிவிட்டது என்பார்கள். திரும்பி வருவதற்குள் மேனேஜர் மீட்டிங்கில் இருப்பார். டீ மட்டும் எங்களுக்காகக் காத்திருக்கும்.

ஒரு நாள் திரும்பும் வழியில் நாத்தனார் சொன்னாள்: “அண்ணி, இந்த ஆளு மொத்தப் பாக்கியையும் டீயாவே குட்த்து முட்ச்சிடுவான் போல கீது.”

எங்கள் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர் முகப்பேரில் இருக்கிறார். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்தார். “நீங்க சிறுதொழில்னு பதிவு பண்ணியிருக்கீங்க இல்ல? நாற்பத்தஞ்சு நாளுக்கு மேல அவங்க இழுக்கக் கூடாது. இழுத்தா வட்டி கேட்கலாம். அரசாங்கத்துக்கு ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம். போய்ச் சொல்லுங்க, பயப்படாதீங்க.”

வீட்டுக் கண்ணாடி முன் நின்று அதை ஒரு வாரம் சொல்லிப் பார்த்தேன். என் மகன் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சத்தம் போடாமல் மூடினான். அடுத்த முறை மேனேஜர் முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, “சார்...” என்றேன். அவர் அவ்வளவு அன்பாகப் பார்த்தார். “டீ நல்லா இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சரியாக ஏறி உட்காருவதற்குள் நாத்தனார் ஸ்கூட்டியைக் கிளப்பிவிட்டாள்.

பிறகு அவர்களே ஃபோன் செய்தார்கள். கம்பெனிக்கு ஆண்டு விழா, வெளிநாட்டிலிருந்து பெரிய முதலாளிகள் வருகிறார்கள், மேனேஜர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கோட்டும் பேண்ட்டும் அவசரமாக வேண்டும். பழைய பணமே வரவில்லை, முடியாது என்று சொல்லலாம் என்றேன்.

“ஒத்துக்கோ அண்ணி. நான் பாத்துக்கிறேன்” என்றாள்.

அளவெடுக்கப் போனோம். அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு நின்றார். “மூச்ச வுடு சார். விழாவுல சாப்ட வேணாமா?” என்று நாத்தனார் டேப்பை இறுக்கினாள்.

விழாவுக்கு முந்தின நாள் காலை கோட்டுகள் எல்லாம் பளபளவென்று கம்பெனிக்குப் போயின. அரை மணி நேரத்தில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் எனக்கு ஃபோன் செய்தார்.

“மேடம், கோட்டு பிரமாதம். பேண்ட் எங்க?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். பேண்ட்டுகள் அத்தனையும் இஸ்திரி போட்டு மடித்து, மேஜையில் இருந்தன. அவற்றின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நாத்தனார் நின்றிருந்தாள். ஃபோனை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

“பேண்ட்டு புராசஸ்ல கீது சார். கையெழுத்து போட்றவங்க லீவுல கீறாங்க.”

ஃபோனை என்னிடம் நீட்டி, “இப்ப சொல்லு” என்றாள். மேனேஜர் முகம் தெரியாததால் வாய் வந்தது. நாற்பத்தைந்து நாள், வட்டி, புகார் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். ‘பழைய பாக்கி வந்தால் பேண்ட் வரும்’ என்பதை மட்டும் பயத்தில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

மதியம் மேனேஜர் காரில் நேராக ஷெட்டுக்கே வந்தார். கோபமாக வருவார் என்று நினைத்திருந்தேன். ஸ்டூலில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார்.

“நான் என்ன மேடம் பண்றது? யார் சத்தம் போடறாங்களோ அவங்களுக்கு முதல்ல குடுன்னு மேல சொல்லியிருக்காங்க. நீங்க டீ குடிச்சிட்டுப் போயிட்டே இருந்தீங்க.”

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் ஃபோனில் வங்கியிலிருந்து செய்தி வந்தது. பழைய பாக்கி முழுவதும் வந்திருந்தது. வட்டி வரவில்லை. நாத்தனார் வட்டியைக் கேட்க வாயெடுத்தாள், நான் அவள் காலை மிதித்தேன்.

மேனேஜர் பேண்ட்டுகளைக் காரில் ஏற்றச் சொல்லிவிட்டு, தன்னுடையதை மட்டும் அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். துணி ரேக்குக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்து, உட்கார்ந்து எழுந்து பார்த்தார். மிஷின்களில் இருந்த பெண்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டு தைப்பதுபோல நடித்தார்கள்.

கொஞ்ச காலம் அந்தக் கம்பெனி எங்களைக் கூப்பிடவில்லை. தப்புச் செய்துவிட்டோமோ என்று எனக்குத் தூக்கம் கெட்டது. பிறகு மழைக்கோட்டு வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பாதிப் பணம் முன்னால் வந்தால்தான் துணியை வெட்டுவோம் என்று, இந்த முறை முகத்துக்கு நேராகவே சொன்னேன். கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். நான் பதில் வராது என்று முடிவு கட்டிய நாளில் பணம் வந்தது. அதை எடுத்துக்கொண்டு, இந்த முறை கடன் சொல்லாமல் துணி வாங்க, துணிக்கடைக்கு நேரில் போனேன். கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு, பழைய பாக்கியை முன்பே முடித்திருந்தும், நான் கையில் ரொக்கத்தோடு வந்ததை நம்பாதவர்போலப் பார்த்தார். நாத்தனார் மட்டும் அந்த வட்டியை மறக்கவே இல்லை. இன்றும் மிஷின் ரிப்பேர் ஆகும்போதெல்லாம், அந்தப் பணத்தில் புதுசே வாங்கியிருக்கலாம் என்பதுபோல என்னைப் பார்க்கிறாள்.