தேதி மாறாத வேன்

அமுதவள்ளிக்குக் கோபம் வந்தால் திருவாடானை வட்டாரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். மிளகாய் மூட்டையோடு நின்று கைகாட்டியும் நிற்காமல் போன பஸ்ஸை, மறுநாள் ரோட்டின் நடுவில் மூட்டையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து நிறுத்தியவள் அவள். கண்டக்டர் இறங்கி வந்து, "ஏத்தா, எந்திரி, நாளையில இருந்து நிக்கும்" என்று கெஞ்சிய பிறகுதான் எழுந்தாள். இன்றைக்கும் அந்த இடத்தில் பஸ் நிற்கிறது. ரேஷன் கடையிலோ நூறு நாள் வேலையிலோ யாராவது வரிசையில் புகுந்தால் ஊர்ப் பெண்கள் அவளைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள்.

இப்பேர்ப்பட்ட வாய், வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் பூட்டிக்கொள்ளும். அதுதான் கொடுமை. கணவன் பிரபாகரனின் அண்ணன் அருள்முருகன் முன்னால் அவள் உட்கார்ந்து பேசியதில்லை. எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை. வாக்கப்பட்டு வந்த இடம் அப்படி. ஒரே முற்றத்தில் இரண்டு வீடு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே குரல். பிரபாகரன் திருவாடானையில் எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறான். கடையில் முதலாளி சொல்வதைக் கேட்பான், வீட்டில் அண்ணன் சொல்வதைக் கேட்பான். நல்ல மனிதன்தான். நல்ல மனிதன் என்று சொல்லிச் சொல்லியே அவளுக்கு அலுத்துப் போயிருந்தது.

வருஷா வருஷம் மாசி மாதம் மிளகாய் பாதி காய்ந்துகொண்டிருக்கும்போது அருள்முருகனுக்கு டூர் ஞாபகம் வந்துவிடும். முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, விரலால் காற்றில் ரோடு போடுவார். விடியக்காலம் திருவாடானை பெரிய கோயிலில் கும்பிட்டுவிட்டு நேரே தொண்டி. அங்கிருந்து கடற்கரை ரோட்டைப் பிடித்துத் தேவிபட்டினம், கடலுக்குள் நவபாஷாணம். அப்புறம் ராமநாதபுரம் அரண்மனை, உத்தரகோசமங்கை. பொழுது சாயப் பாம்பன் பாலம், ராத்திரி அக்காள்மடத்தில் அவருடைய சிநேகிதர் வீட்டு மாடி. மறுநாள் அக்னி தீர்த்தத்தில் முங்கி, இருபத்திரெண்டு தீர்த்தமும் ஆடி, தரிசனம் முடித்துத் தனுஷ்கோடி.

"இங்கன நிப்பாட்டுறோம், அங்கன சாப்புடுறோம்" என்பார். மற்றவர்கள் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான் ஆலோசனை.

பெண்களுக்கு இரண்டு வேலை. ஒன்று புளியோதரை கிண்டுவது. அதை அமுதவள்ளி செய்வாள். இன்னொன்று, யாருக்கு எப்போது வீட்டுக்குத் தூரம் என்று கேட்டு வைப்பது. அதை அருள்முருகனின் மனைவி பூமயில் செய்வாள். தேதி இடித்தால் மெடிக்கலில் தள்ளிப்போடுகிற மாத்திரை வாங்கி வந்து, புடவை மடிப்புக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். டூரின் தேதி மாறாது. பெண்களின் தேதிதான் மாற வேண்டும். சாமி காரியம் பாருங்கள், யார் என்ன சொல்ல முடியும்.

கல்யாணமான வருஷமே அமுதவள்ளி அந்த மாத்திரையைப் போட்டாள். பூமயில் அக்கா உள்ளங்கையில் வைத்தாள், இவள் வாயில் போட்டாள். அடுத்த வருஷமும் போட்டாள். மதுமதி பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த வருஷமும் போட்டாள். அந்தத் தடவை தலை கிறுகிறுவென்று சுற்றியது, சொல்லவில்லை. ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிவந்து மாத்திரையை விட்ட பிறகு, தள்ளிப்போட்டதெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்ததுபோல ரத்தம் போனது. மிளகாய்க் காட்டில் மயங்கி விழுந்தவளை ராமநாதபுரம் கொண்டுபோய்ப் படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். தலைமாட்டில் பூமயில்தான் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "இந்த மாத்திரைய இனிமே தொடக் கூடாது, யாரைக் கேட்டும்மா முழுங்குன" என்று திட்டினாள். யாரைக் கேட்பது, கொடுத்தார்கள், முழுங்கினாள். ஊரில் வந்து, உடம்புச் சூடு என்று சொல்லிவிட்டார்கள். அதற்கப்புறம் டூர் தேதி இடித்தால் அமுதவள்ளி புளியோதரையைக் கிண்டி வேனில் ஏற்றிவிட்டு வீட்டிலேயே இருந்துகொள்வாள். அதற்கும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் நிலைமை வேறு. மதுமதி போன ஆவணியில் சமைந்துவிட்டாள். ஒன்பதாவது படிக்கிற பிள்ளை. ராமநாதபுரம் அரண்மனைச் சுவரில் இருக்கிற ஓவியங்களைப் பற்றி வரலாற்று டீச்சர் ஏதோ சொல்லிவிட்டாள் போல, அதைப் பார்க்க வேண்டும், தனுஷ்கோடியில் இடிந்துகிடக்கிற சர்ச் கட்டடத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாக அதே பேச்சு. தேவிபட்டினத்தில் கடலுக்குள் இறங்கி நின்று போட்டோ எடுக்க எந்தச் சுடிதார் என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது.

அன்று வியாழக்கிழமை. இந்தச் சனி விட்டு அடுத்த சனிக்கிழமை டூர். மதுமதி பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் வந்து, புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தில் வாந்தி எடுத்தாள். அமுதவள்ளி நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். வெயில் என்று நினைத்தாள். பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவை எடுக்கப் பையைத் திறந்தபோது பென்சில் டப்பா விழுந்து வாய் பிளந்தது. உள்ளே ஸ்கேலுக்கு அடியில் அந்த மாத்திரை அட்டை. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. ரத்தம் ஏற்றிக்கொண்டவளுக்குத் தெரியாதா.

"யாருடி குடுத்தா?"

"பெரியம்மா. ஒங்கிட்ட சொல்ல வேணாம்னாக. நீ கத்துவியாம்." மதுமதி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போடலைனா தனுஷ்கோடிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டாகம்மா."

அமுதவள்ளி அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள். தனக்குக் கொடுத்தார்கள், சரி, தன் தலையெழுத்து. இந்தப் பிஞ்சுக்கு, அதுவும் பெற்றவளுக்குத் தெரியாமல், ஸ்கேலுக்கு அடியில் ஒளித்து வைத்துத் தின்னச் சொல்லியிருக்கிறார்கள் என்றால், இந்த வீட்டில் தன்னை யார் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூமயில் மிளகாயைக் காலால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். அருள்முருகன் நாற்காலியில் இருந்தார். மதியச் சாப்பாட்டுக்கு வந்த பிரபாகரன் பைக்கில் சாய்ந்தபடி போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இது என்ன?"

பூமயில் அட்டையைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மறுபடியும் மிளகாயைப் பார்த்தாள். "பிள்ளை ஆசப்படுதுல்ல அமுதா. அதான்..."

"பதினாலு வயசு பிள்ளைக்கா. இத முழுங்கிட்டு நான் எப்படிக் கெடந்தேன்னு நீங்க பாக்கல?"

அருள்முருகன் தொண்டையைச் செருமினார். பொம்பளைப் பேச்சில் தான் தலையிடுவதில்லை என்பது அவர் நினைப்பு. ஆனாலும் சொன்னார். "ஏத்தா, இதுக்கு எதுக்கு இம்புட்டுச் சத்தம்? மெடிக்கல்ல எல்லாரும் வாங்குறதுதானே."

"டூர ஒரு வாரம் தள்ளிவைங்க மாமா. மாத்திரையே வேணாம்." முதல் தடவையாக அவர் முகத்தை நேரே பார்த்துச் சொன்னாள்.

"அதெப்படி. வேன் சொல்லியாச்சு. தவ்ஃபீக் ஒரே ஆளு, சீசன்ல அவன் வண்டி கெடைக்கிறதே பெருசு. தேதியெல்லாம் மாறாது."

"அண்ணன் சொன்னா காரணம் இருக்கும் அமுதா" என்றான் பிரபாகரன், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அந்த போனக் குடுங்க" என்றாள் அமுதவள்ளி. அவன் கொடுப்பதற்குள் அவளே பிடுங்கிக்கொண்டாள். தவ்ஃபீக் தொண்டிக்காரன், எல்லா வருஷமும் அவன் வேன்தான். எண் அதிலேயே இருந்தது. எல்லார் காதிலும் விழட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"தம்பி, அருள்முருகன் வீட்டு அமுதவள்ளி பேசுறேன். நம்ம சனிக்கெழம வண்டிய ஒரு வாரம் தள்ளிக்கலாமா?"

"மறுபடியுமாக்கா?" என்றான் தவ்ஃபீக்.

"மறுபடியும்னா?"

"மொதல்ல இந்த வாரத்துக்குத்தானே அண்ணன் சொல்லிருந்தாரு. ஞாயித்துக்கெழம மாட்டுவண்டிப் பந்தயம் இருக்கு, விட முடியாதுனு அவருதானே தள்ளிவச்சாரு. ஒண்ணும் பிரச்சினை இல்லக்கா, அந்த வாரமும் வண்டி சும்மாதான் நிக்கும். இன்ஷா அல்லாஹ் மாத்திக்கலாம். அண்ணனை ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க."

அமுதவள்ளி போனை அணைத்தாள். இந்த வாரமே போயிருந்தால் மதுமதிக்கு மாத்திரையே வேண்டியிருக்காது. அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. பிரபாகரனுக்குக்கூடப் புரிந்தது.

"மாட்டுக்குத் தேதி மாறுது" என்றாள் அமுதவள்ளி. "எம் பிள்ளைக்கு மாறாதாக்கும். நல்லா இருக்கு மாமா உங்க நியாயம். வண்டியில கட்டுற மாட்டுக்கு ஒரு ஊசி போட்டுப் பந்தயத்த முன்னாடி வச்சுக்கிற வேண்டியதுதானே. மாடுன்னா மனசு வராது, இல்ல?"

"வாய அளந்து பேசு" என்று அருள்முருகன் எழுந்தார். "இவ்வளவு நாளும் இந்த வீட்டுல ஒரு பொம்பள இப்படிப் பேசுனது கெடையாது. பிள்ளைக்கு ஒத்துக்கலைனா ஆத்தாளும் மகளும் வீட்டுல கெடங்க. நாங்க போயிட்டு வாரோம்."

"வீட்டுல எதுக்குக் கெடக்கணும்? வருவோம். மாத்திரை போடாம வருவோம். ஒரு கோயிலுக்குள்ளயும் நுழைய மாட்டோம், வேன்லயே இருப்போம். அரண்மனையப் பாப்போம், பாலத்தப் பாப்போம், தனுஷ்கோடி கடல்ல நிப்போம். கடலுக்கும் தேதி பாக்கணுமா?"

"தீட்டோட ஒரே வண்டியில உக்காந்து வந்துட்டு நான் எப்படித் தாயி தீர்த்தம் ஆடுறது? இத்தன வருசம் சுத்தபத்தமா போயிட்டு வந்த காரியம். நாசமாப் போகும்."

அப்போது பூமயில் மிளகாயை விட்டு வெளியே வந்தாள். காலில் ஒட்டியிருந்த விதைகளைத் தரையில் தேய்த்துத் தேய்த்து உதறினாள். இனி உதற ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் நாசமாப் போகல" என்றாள். "இத்தன வருசமும் நான் அப்படித்தான் வந்தேன்."

அருள்முருகனுக்கு விளங்கவில்லை. "எப்படி?"

"எனக்கு அந்த மாத்திரை ஒத்துக்காது. முழுங்குனா தொண்டி தாண்டுறதுக்குள்ள வாந்தி வந்துரும். ரெண்டாவது வருசமே விட்டுட்டேன். தேதி இடிச்ச வருசமெல்லாம் அப்படியேதான் வந்தேன். அப்படியேதான் இருபத்திரெண்டும் ஆடுனேன். ஒங்க பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் ஆகல." பூமயில் இதையெல்லாம் மிளகாய் விலை சொல்வதுபோலச் சொன்னாள். அருள்முருகன் நாற்காலியின் கையைத் தடவிப் பார்த்து மெல்ல உட்கார்ந்தார். அவருடைய ரோடெல்லாம் அழிந்துவிட்ட முகமாக இருந்தது.

வேறு ஒருத்தியாக இருந்தால் இந்த இடத்தில் குளிர்ந்திருப்பாள். தனக்குப் பரிந்து பேசிவிட்டாள் அக்கா என்று கட்டிக்கொண்டிருப்பாள். அமுதவள்ளிக்கு அதுவரைக்கும் வந்த கோபமெல்லாம் கோபமே இல்லை என்கிற மாதிரி இப்போதுதான் வந்தது. பஸ்ஸை மறித்த கோபமில்லை, மாட்டுப் பந்தயத்துக்கு வந்த கோபமில்லை. உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை திகுதிகுவென்று ஏறியது.

"அப்ப எனக்கு ஏங்க்கா குடுத்தீங்க?"

பூமயில் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"எனக்கு ரத்தம் ஏத்தும்போது தலமாட்டுல உக்காந்துருந்தீங்களே. அப்பவாச்சும் சொல்லிருக்கலாம்ல. நீங்களே ஒத்துக்காம விட்டுட்ட மாத்திரைய எனக்கு எதுக்கு வருசா வருசம் கொண்டாந்து கையில வச்சீங்க?"

"யாராவது ஒருத்தி முழுங்குனாத்தானே" என்றாள் பூமயில். "எல்லாரும் முழுங்கிட்டோம்னு இவுக நம்புவாக. நீ வீட்டுலயே இருக்க ஆரம்பிச்ச பெறகு, நான் முழுங்கலைங்கிறது தெரிஞ்சுருமோன்னு எனக்குப் பயமாப் போச்சு. அதான் பிள்ளைக்கு..."

பிரபாகரன் தம்பியாகப் பிறந்த நாளிலிருந்து முதல் தடவையாக அண்ணனைப் பார்க்காமல் பெண்டாட்டியைப் பார்த்தான்.

"தவ்ஃபீக்குக்கு நான் சொல்லிர்றேன்" என்றான் மெதுவாக. "ஒரு வாரம் தள்ளியே வரச் சொல்றேன்."

அருள்முருகன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அமுதவள்ளி இரண்டு பேரையும் திரும்பிப் பார்க்கவில்லை. வேன் எந்தத் தேதிக்கு வந்தால் அவளுக்கென்ன இப்போது. மாத்திரை அட்டையைப் பூமயில் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். பல வருஷத்துக்கு முன்னால் பூமயில் தனக்கு வைத்த அதே மாதிரி.

"உள்ள வாங்க. எம் பிள்ள படுத்துருக்கா. இப்ப இங்கன சொன்னீங்கள்ல, நீங்க எப்படிப் போனீங்கனு, எனக்கு எதுக்குக் குடுத்தீங்கனு, அவளுக்கு எதுக்குக் குடுத்தீங்கனு. அத அவகிட்டச் சொல்லுங்க."

"சின்னப் பிள்ள அமுதா. என்னையப் பத்தி என்ன நெனைக்கும்?"

"மாத்திரை முழுங்குறப்ப சின்னப் பிள்ளையாத் தெரியலையாக்கும். நடங்க."

பூமயில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள். மதுமதி எழுந்து உட்கார்ந்து பெரியம்மாவைப் பார்த்தாள். தனுஷ்கோடி போகிறோமா இல்லையா என்று கேட்க வாயெடுத்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். பூமயில் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அட்டையை மடியில் வைத்து, "தங்கம்" என்று ஆரம்பித்தாள்.

அமுதவள்ளி கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னாலும் மறுபடியும் முதலிலிருந்து சொல்லவைப்பதாக இருந்தாள்.