செவந்திக்குச் சிவந்ததும் நாகராசுவுக்குச் சிவக்காததும்

கறம்பக்குடிக்கும் புதுக்கோட்டைக்கும் ஓடிய பஸ்ஸில் நாகராசு கண்டக்டர். யார் எங்கே ஏறினார், எங்கே இறங்க வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். தூங்குகிறவரைக்கூடச் சரியான இடத்தில் தட்டி எழுப்பிவிடுவார். அப்படிப்பட்டவர், ஐம்பத்தேழாம் வருஷம் ஒரு கிழங்கினால் நாலு மாதம் குழம்பிப்போய்த் திரிந்தார்.

அவர் மனைவி செவந்திக்கு முதல் பிரசவம் குறைமாதத்தில் ஆகிக் குழந்தை தங்காமல் போயிற்று. அதன்பிறகு அவள் தேறவேயில்லை. குடத்தைத் தூக்கினால் மூச்சு வாங்கும். பச்சரிசியை அள்ளி அள்ளி மென்றுகொண்டிருப்பாள். புதுக்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் காட்டினார்கள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்:

"ரத்தம் ரொம்பக் கம்மி. பச்சரிசி திங்கத் தோணுறதும் அதனாலதான். இந்த மாத்திரையை விடாமச் சாப்பிடணும். கீரை, ஈரல் சேத்துக்க. கெடச்சா பீட்ரூட் வாங்கிக் குடுங்க, நல்லது."

நாகராசு அந்தப் பெயரை டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டார். அதுவரை அவர் அதைக் கேட்டதில்லை. மார்க்கெட்டில் மலைக்காய்கறி விற்கிறவன் மண்ணோடு ஒன்றை எடுத்து நறுக்கிக் காட்டினான். கத்தி, கை எல்லாம் சிவந்துவிட்டது.

"இதுல ரத்தம் ஊறுமாங்க?"

"கலரைப் பாத்தாலே தெரியலையாண்ணே?" என்றான் கடைக்காரன். இலையைத் திருகிக் கூடைக்கு வெளியே எறிந்துவிட்டுக் கிழங்கை மட்டும் கட்டிக் கொடுத்தான்.

செவந்தி அதைத் தோல் சீவி, துண்டுதுண்டாக அரிந்து, ஒரு சட்டித் தண்ணீரில் வேகவைத்தாள். பிறகு வழக்கம்போல வடித்துவிட்டாள். வாழை மரத்தடியில் குங்குமம் கரைத்த மாதிரி ஓடிற்று. சட்டியில் மிஞ்சிய துண்டுகள் வெளுத்துப்போய்க் கிடந்தன.

"அடியே, நல்லதெல்லாம் தண்ணியோட போயிருச்சே!"

"எனக்கென்ன தெரியும் மாமா? எப்பிடி ஆக்குறதுன்னு கேட்டுட்டு வந்தீங்களா?"

மறுநாள் பஸ்ஸில் கேட்டார். தினமும் வரும் அமிர்தவல்லி டீச்சர், "தோலைச் சீவக் கூடாதுங்க. முழுசா வேகவச்சு அப்பறம் தோலை உரிக்கணும். அப்பத்தான் சாயம் உள்ளயே நிக்கும். பொடியா அரிஞ்சு, கடுகு தாளிச்சு, தேங்காயைத் துருவிப் போடுங்க" என்றார்.

மலேயா போய்த் திரும்பிய ஆத்மநாதன் பின்சீட்டிலிருந்து எழுந்தேவிட்டார். "வேகவச்சா சத்தெல்லாம் செத்துப்போகும் தம்பி. பச்சையாத் துருவி, வெங்காயத்தை அரிஞ்சுபோட்டு, எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு அப்படியே திங்கணும். அங்கிட்டெல்லாம் அப்பிடித்தான்."

"பச்சையாத் தின்னா வயிறு என்னத்துக்காகும்?" என்றார் டீச்சர். பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம் என்று இன்னொரு குரல் வந்தது. இந்தப் பேச்சில் இறங்க வேண்டிய இரண்டு பேரை நாகராசு அடுத்த ஊர்வரை கொண்டுபோய்விட்டார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

கடைசியில் டீச்சர் சொன்ன மாதிரியே பொரியல் ஆயிற்று. இருவரும் ஒரே சட்டியிலிருந்து போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். செவந்தி ஒரு வாய் வைத்துவிட்டு முழித்தாள்.

"என்ன மாமா, இனிக்குது! கறியா, பாயசமா? எதுன்னு நெனச்சுத் திங்கிறது?"

இன்னும் இரண்டு பச்சை மிளகாயைக் கிள்ளிப் போட்டுப் பிசைந்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றாள்.

மறுநாள் விடிந்ததும் கொல்லைப்பக்கம் போனவள் சுவரைப் பிடித்தபடி திரும்பி வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போகுது. ரத்தமா இருக்குமோ?"

நாகராசு, தானும் அதைத்தானே தின்றோம் என்று கொல்லைக்கு ஓடினார். அவருக்கு எப்போதும்போலத்தான் இருந்தது. அது அவரை இன்னும் கலக்கிவிட்டது. ஒரே சட்டிப் பொரியல். ரத்தம் தேவையில்லாத தனக்கு உள்ளே தங்குகிறது, தேவையானவளுக்கு வெளியே போகிறதா? இருக்கிற கொஞ்சத்தையும் இந்தக் கிழங்கு இழுத்துக்கொண்டு போகிறதோ?

முதல் பஸ்ஸிலேயே அவளை ஏற்றிக்கொண்டு போனார். டாக்டரம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேத்து பீட்ரூட் சாப்பிட்டியா?" என்றார். செவந்தி தலையாட்டினாள். "அந்தச் சாயந்தான். ரத்தமில்லை, பயப்படாதே."

"எனக்கு ஏன் வரலைங்கம்மா? நானுந்தானே சாப்பிட்டேன்?" என்றார் நாகராசு.

"சில பேருக்கு வரும், சில பேருக்கு வராது."

"அது ஏங்க?"

"முழுசா எனக்கும் தெரியாதுப்பா. சரி, மாத்திரை சாப்பிடுறியாம்மா?"

செவந்தி தரையைப் பார்த்தாள். "ஒரு வாரந்தாங்க தின்னேன். வெளிக்குக் கருப்பாப் போச்சு. பயந்துபோயி நிறுத்திட்டேன்."

இது நாகராசுவுக்கே அப்போதுதான் தெரிந்தது. மாத்திரை கருப்பாக்குகிறது, கிழங்கு சிவப்பாக்குகிறது. இதில் எதை நம்புவது?

"ரெண்டு நெறமும் ஒண்ணும் செய்யாது" என்றார் டாக்டர். "மாத்திரைதான் மருந்து. பீட்ரூட் சாப்பாடு, அவ்வளவுதான். செவப்பா இருக்கிறதால ரத்தமாயிடாது. எலையைக்கூடத் தூரப் போடாதீங்க, அதுல சத்து அதிகம். கீரை மாதிரி வதக்கிச் சாப்பிடுங்க."

அன்று சாயங்காலம் நாகராசு இலையும் கிழங்குமாக வாங்கிக்கொண்டு வந்தார். கடைக்காரன், "எலை மாட்டுக்காண்ணே?" என்று கேட்டான். அவர் இலையை ஒன்றுவிடாமல் பைக்குள் வைத்துக்கொண்டார். இலையைப் பருப்போடு கடைந்தார்கள். கிழங்கை ஒருநாள் பொரியலாகவும் ஒருநாள் பச்சையாகவும் தின்றார்கள். மாத்திரையை நாகராசு தானே எடுத்துக் கையில் கொடுத்து, விழுங்குகிறவரை நின்றார்.

மூன்று மாதம் போயிற்று. செவந்தி பச்சரிசி மெல்லுவதை எப்போது விட்டாள் என்று இருவருக்குமே நினைவில்லை. ஒருநாள் அவள் சாதாரணமாகச் சொன்னாள், "இப்பல்லாம் செவப்பாப் போறதில்ல மாமா."

நாகராசு சோற்றில் வைத்த கையை எடுத்துவிட்டார். "ஏன்? நேத்துக்கூடத் தின்னியே! கடைக்காரன் பழைய கிழங்கைக் குடுத்துட்டானா? ஒடம்புல ஒட்டாமப் போயிருச்சா?"

செவந்தி வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். "செவந்தாலும் பயப்படுறீங்க, செவக்காட்டியும் பயப்படுறீங்க. நான் என்னதான் பண்ண?"

டாக்டரம்மாள் மறுபடி இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் நன்றாக ஏறியிருக்கிறது, அப்படி ஏறினவர்கள் சிலருக்குச் சிவப்பு நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன் என்றார். எதனால் ஏறிற்று, மாத்திரையா, ஈரலா, இலையா, கிழங்கா என்று நாகராசு கேட்டார். "எல்லாந்தான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அந்தப் பதில் நாகராசுவுக்குப் போதவில்லை. பஸ்ஸில் டீச்சர் தன் பொரியல்தான் என்றார். ஆத்மநாதன் பச்சையாகத் தின்றதுதான் என்றார். இருவருக்கும் நாகராசு ஆமாம் என்றார்.

ஐப்பசியில் ஏரி நிறைந்தது. செவந்தி நடவுக்குப் போனாள். மத்தியான டிரிப்பில் வயலோரம் வரும்போது நாகராசு படியில் நின்று எட்டிப் பார்த்தார். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வேகம்; மூச்சு வாங்க நிமிர்ந்தவர் யாரும் இல்லை. அதில் செவந்தி யார் என்று அவருக்குத் தெரியவில்லை.