ஜன்னல் இல்லாத அறை

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் வீட்டில் என் மனைவி சேலை பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாளை சென்னையில் நாங்கள் ஏறப்போகும் சொகுசுக் கப்பலிலிருந்து செய்தி வருகிறது. எந்த அறையானாலும் சரி என்று எழுதிக் கொடுத்திருந்தோம். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையைத் தந்துவிட்டார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே தூங்க ஆசைப்பட்டவள் முகம் வாடுகிறது. மாற்றித் தரச் சொல்ல நான் போனை எடுக்கிறேன்.

கணவரோடு தறியில் உட்கார்ந்திருக்கும் அந்த வீட்டு அம்மா விஷயத்தைக் கேட்டுச் சிரிக்கிறார். "எங்களுக்கும் ஜன்னல் முதுகுப் பக்கந்தாம்மா. இவரு நூல் சுத்துன நாடாவத் தள்ளுவாரு, நான் வாங்கித் திருப்பி வுடுவேன். மழ பேஞ்சாக்கூட யாராவது வந்து சொன்னாத்தான் தெரியும்."

மனைவி என் போனை வாங்கிப் பைக்குள் போடுகிறாள். முப்பது வருடத்தில் முதல்முறையாக என்னிடம் சொல்கிறாள்: "சேலைய நீங்களே எடுங்க. எந்தக் கலரானாலும் சரி."